கடேசி அண்ணனும் முறை மாறிய லாரிகளும்

நாமக்கல்லில் கோழிகளைத் தவிர எல்லோருக்கும் அவசரம். அந்தக் கோழிகளே பார்த்துப் பொறாமைப்படும் அளவுக்கு நிதானமான ஒரே மனிதர் எங்கள் கடேசி அண்ணன்.

பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும் தெரியும். எதைக் கேட்டாலும் "கடேசில பாத்துக்கலாமுங்க" என்பார். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. நான் வேலை பார்த்த லாரி புக்கிங் ஆபீஸில் டேட்டாபேஸ் அவர் பொறுப்பு. சாப்ட்வேர் என் பொறுப்பு. அதாவது, தப்பு செய்வது நான், சரிசெய்வது அவர்.

டீக்கடையில் முதலில் பாலைத் தனியாகக் குடிப்பார். அப்புறம் டிக்காஷன். அப்புறம் ஒரு கரண்டி சர்க்கரையை வாயில் போட்டுக்கொள்வார். கடைக்காரர் முறைத்தால், "உள்ள போயி டீயாயிருமுங்க. நடுவுல எதுக்கு ருசி பாத்துக்கிட்டு?" என்பார். கிரிக்கெட்டா? கடைசிப் பந்து போட்டு முடித்த பிறகுதான் டிவியைப் போடுவார். சட்டைப் பொத்தான்களை முழுதாகப் போட்டு முடிக்கும்வரை குனிந்தே பார்க்க மாட்டார். பாதி நாள் சட்டை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருக்கும்.

நான் நேரெதிர். தோசை வேகுமுன்னே புரட்டிப் பார்த்துக் கிழித்து, மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிற ஜாதி. நான் எழுதிய சாப்ட்வேரும் என்னைப் போலவே இருந்தது.

எங்கள் ஆபீஸில் லாரிகளுக்கு வரிசைப்படி முறை எண் உண்டு. முன்பு ஒரே எண்ணோடு இரண்டு லாரிகள் வந்து நின்று, டிரைவர்கள் சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். ஆகவே ஓர் எண்ணுக்கு ஒரு லாரிதான் என்று டேட்டாபேஸில் நானாகவே ஒரு தடை போட்டேன். போட்டுவிட்டு ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

ஒருநாள் காலை டிரைவர் முருகேசன் வந்தார். மறுநாள் சேந்தமங்கலத்தில் தங்கை மகளுக்குக் காதுகுத்து. குழந்தையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்துவார்கள். இருப்பது இந்த ஒரே மாமன். ஆனால் அவருக்கு விழுந்திருந்தது முதல் முறை, அஸ்ஸாம் லோடு. இரண்டாம் முறை பழனி என்ற டிரைவருக்கு, கரூர் லோடு. போய்விட்டுச் சாயங்காலமே திரும்பிவிடலாம். லோடு வேண்டாமென்றால் வரிசையின் வாலுக்குப் போக வேண்டும். லாரி முதலாளி ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனால் டிரைவர்கள் இருவர் மனமொத்து முறையை மாற்றிக்கொள்வது எங்களிடம் என்றும் உள்ள வழக்கம்.

"நான் அஸ்ஸாம் போறனுங்க," என்றார் கூடவே வந்திருந்த பழனி. "ஊட்ல மாமியா வந்திருக்குது. அதுக்கு மேல தூரமா லோடு இருந்தாலும் குடுங்க."

முருகேசனின் முறை எண்ணை இரண்டு என்று மாற்றினேன். இரண்டு ஏற்கெனவே இருக்கிறது என்று டேட்டாபேஸ் கத்தியது. சரி, முதலில் பழனியின் எண்ணை ஒன்று என்று மாற்றுவோம். ஒன்று ஏற்கெனவே இருக்கிறது என்று மறுபடியும் கத்தல். மதியத்துக்குள் முறை எண் போட்ட சீட்டு அடித்துக் கொடுக்காவிட்டால் லோடு ஏற்ற மாட்டார்கள்.

"ஏனுங்க, நாங்க ரெண்டு பேரும் சரிங்கறோம், அந்தப் பொட்டிக்கு என்னங்க நோவுது?" என்றார் முருகேசன்.

நான் கீபோர்டை இழுத்தேன். "இருங்க, அந்தத் தடையையே தூக்கிடறேன்!"

கடேசி அண்ணன் துள்ளி எழுந்தார். "வேண்டாஞ்சாமி! தூக்குனா நாளைக்கு ரெண்டு வண்டி ஒரே நம்பர்ல நிக்கும். நீங்க போயி கணக்கர் சேர்ல உக்காருங்க. அவரு உங்க சேருக்கு வருவாரு."

சொன்னதை யோசிக்காமல் செய்வது என் சுபாவம். போய் உட்கார்ந்தேன். கணக்கர் இன்னும் எழுந்திருக்கவில்லை.

"யோவ்! மடி மேல உக்காருறியே, கண்ணு தெரியல?" என்று அவர் போட்ட கூச்சலில் வெளியே கிளீனர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"நம்ம டேட்டாபேஸ் போடறதும் இதே சத்தந்தானுங்க," என்றார் அண்ணன். "ஒருத்தரு நகந்த ஒடனே, சேருக்கு ஒரு ஆள்தானான்னு எண்ணிப் பாக்குது. ரெண்டு பேரும் மாறி உக்காந்த பொறவு எண்ணுனா கணக்கு சரியா இருக்குமல்ல? தடை இருக்கட்டும். எண்ணுறத மட்டும் கடேசில எண்ணச் சொல்லுங்க."

எங்கள் டேட்டாபேஸில் அப்படிச் சொல்ல வழியும் இருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. பழைய தடையை எடுத்துவிட்டு, எல்லா மாற்றமும் முடிந்து உறுதி செய்யும் நேரத்தில் சோதித்தால் போதும் என்ற சலுகையோடு அதையே திரும்பப் போட்டார். இரண்டு மாற்றங்களையும் ஒரே கட்டாகக் கட்டி அனுப்பினார். நடுவில் ஒரு கணம் இரண்டு லாரிக்கும் ஒரே எண். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கத்தல் வரவில்லை. பிறகு அவரே வேண்டுமென்று இருவருக்கும் ஒரே எண்ணைக் கொடுத்துப் பார்த்தார். உறுதி செய்யும் இடத்தில் பிடித்துக்கொண்டு, மாற்றத்தை அப்படியே திருப்பி அனுப்பியது.

"பாத்தீங்களா? காவக்காரன் தூங்கல."

சீட்டு வந்தது. முருகேசன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "வாரேனுங்க சாமி" என்று கிளம்பியவர் குரலில் பாதி அழுகை, பாதி சிரிப்பு.

சாயங்காலம் கடேசி அண்ணன் இருக்கையில் இல்லை. கேட்டருகே நின்று கரூர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வந்தார், உட்காரவில்லை, மறுபடி போனார்.

"ஏனுங்கண்ணா, என்ன பாக்கறீங்க?"

"சும்மா, காத்து வாங்கறனுங்க."

ஓர் இலை அசையவில்லை. நானும் பக்கத்தில் போய் அந்தக் காற்றையே வாங்கிக்கொண்டு நின்றேன். இருட்டுவதற்குள், வெறும் வண்டியாகக் குலுங்கிக்கொண்டு முருகேசனின் லாரி கேட்டுக்குள் திரும்பியது. அண்ணன் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது. நான் விட்டது அவருக்கும் கேட்டிருக்கும். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் லாரியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.