சம்மந்திக்கு நுவார் காட்டிய கதை

நான் எல்லாவற்றையும் எண்ணுகிறவன். என் வாயிலிருந்து வருவதை மட்டும் எண்ணியதில்லை. அதனால் அன்று மனைவியே எண்ணித் தந்தார்: பத்து வசனம், அதற்கு மேல் மூச்சு விடக்கூடாது.

மகள் தானே தெரிவுசெய்த பையனின் தாயும் தகப்பனும் பிக்கரிங்கிலிருந்து, வெக்ஸ்போர்டில் பன்னிரண்டாம் மாடியிலிருக்கும் எங்கள் வீட்டுக்கு முதல்முறையாக வந்திருந்தார்கள். தகப்பன் இன்னும் ஓம் சொல்லவில்லை. எங்களைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வாராம். வடை பொரிப்பதற்காகப் புகை அலாரத்துக்கு மனைவி மாட்டியிருந்த குளியல் தொப்பியை, மானம் போகுமென்று நான்தான் கழற்றி ஒளித்தேன். (உங்கள் வீட்டில் அது எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.)

ஒன்பது வசனம்வரை நல்ல பிள்ளையாக இருந்தேன். பொழுது எப்படிப் போகிறது என்று பையனின் தகப்பன் கேட்டார். பழைய கறுப்பு வெள்ளைக் குற்றப் படங்கள் பார்க்கிறேன், இதுவரை இருநூற்றுப் பதினேழு, என்றேன். பத்து முடிந்தது.

“உதெல்லாம் ஏன் அண்ணை ஒரே இருட்டு? லைற்றுக்குக் காசில்லையோ?”

அவர் நக்கலடித்தார். நான் அதிர்ந்துபோனேன். மனிதர் உண்மையை ஒரே கேள்வியில் பிடித்துவிட்டார்.

அதுதான் விஷயம் என்று தொடங்கினேன். ஒரே நுழைவுச்சீட்டில் இரண்டு படம் காட்டிய காலத்தில், இரண்டாவதற்கென்று மலிவாகச் செய்த துப்பறியும் கதைகள் பல. சில கிழமைகளில் எடுத்து முடிக்க வேண்டும். வேறு படத்தில் மிஞ்சிய செற்றின் அட்டைச் சுவர் தெரியாதிருக்க விளக்கைக் குறைத்தார்கள். தெரு இல்லாததை மறைக்கப் புகை விட்டார்கள். எங்களைப்போலச் சொந்த நாட்டை விட்டுத் தப்பி, ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் அந்த இருட்டுக்கு அழகு சேர்த்தார்கள். பிறகு பிரெஞ்சு விமர்சகர்கள் அதற்கு ‘பிலிம் நுவார்’, கறுப்புப் படம், என்று மரியாதையான பெயர் வைத்தார்கள்.

மனைவி இருமினார். அதோடு நின்றிருக்கலாம். நான் செய்து காட்ட வெளிக்கிட்டேன்.

விளக்குகளை அணைத்து, சன்னலின் பட்டைத் திரையைச் சாய்த்தேன். பின்னேர வெயில் அவர் முகத்தில் ஆறு கோடு போட்டது. அசல் கொலைகாரன். அதை அவரிடம் சொல்லியும் விட்டேன். புகைக்குச் சாமித்தட்டிலிருந்து கப் சாம்பிராணி நான்கு கொளுத்தினேன்.

அலாரம் அலறியது.

“அப்பா, விண்டோவைத் திறவுங்கோ, டோரை இல்லை” என்று மகள் கத்தினாள்.

நான் திறந்தது கதவைத்தான்.

கறி கருகினாலும் நடைபாதைக் கதவைத் திறக்கக்கூடாது என்பது மாடிவீட்டில் குழந்தைக்கும் தெரியும். வீட்டு அலாரம் வீட்டோடு போகும். நடைபாதையில் புகை புகுந்தால் பதினெட்டு மாடிக்கும் மணி அடிக்கும்.

அடித்தது. லிப்ற் நின்றது. பையனின் தாய் காஞ்சிபுரச் சேலையோடும் முழங்கால் வலியோடும் படியிறங்கினார். நூற்றெழுபத்தாறு படி. நூற்றிருபதில் அவர் சுவரைப் பிடித்து நின்றபோது, இன்னும் ஐம்பத்தாறுதான் என்று தைரியம் சொன்னேன். மகள் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்க முடியவில்லை.

வெளியே பனி. மூன்று தீயணைப்பு வண்டிகள். செருப்போடு முழுக் கட்டடமும் நின்று என்னைப் பார்த்தது. மகளின் வாழ்க்கையை நான்கு சாம்பிராணியில் முடித்துவிட்டேன் என்று உறைந்துபோயிருந்தேன். பையனின் தகப்பன் தங்கள் கார் நின்ற பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். தாய்தான் முழங்காலைத் தடவியபடி மகளைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“பிள்ளை, கலியாண ஹோல் கீழ்த்தளத்திலை இருக்கோணும். சொல்லிப்போட்டன்.”

மகள் அழுதாள். இன்னும் ஓம் சொல்லாதிருந்த பையனின் தகப்பன் சிரித்துவிட்டார்.

கலியாணத்தன்று ஐயர் ஓமத்தில் நெய்யை ஊற்றப் புகை எழும்பியது. சம்மந்தி தன் இடத்தை விட்டு எழுந்துபோய் மண்டபக் கதவில் முதுகைக் கொடுத்து நின்றார்.

“நீங்கள் தாரை வாருங்கோ அண்ணை. கதவை நான் பாக்கிறன்.”

அன்றிலிருந்து எந்த வீட்டுப் பூசையில் நான் எழுந்தாலும் யாராவது ஒருவர் போய்க் கதவை மறிக்கிறார். இதுவரை பதினைந்து வீடு. கடைசி வீட்டில் போய் நின்றவர் ஐயர்.