காளிச்சாமி பிடித்தால் நிற்கும்

நல்லேப்பிள்ளியில் பஸ் நின்றால் பாதிப் பேர் காளிச்சாமி வீட்டுக்குத்தான் இறங்குகிறார்கள். எல்லார் கையிலும் பச்சைக் குழந்தை. வலிப்பு வந்த குழந்தையின் கையைச் சாமி பிடித்தால் நின்றுவிடுமாம். போன வருஷம் வரைக்கும் அந்தக் கை டிராக்டர் ரிப்பேர் பார்த்தது. அப்போதும் அது தொட்ட வண்டியெல்லாம் நின்றுதான் போயிற்று.

என் மகள் நர்மதாவின் குழந்தை பாலக்காட்டில் ஆசுபத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. பிறந்த மறுநாளே வலிப்பு. ஊசி மருந்து ஏற்றியும் நிற்கவில்லை. வேறு மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா ஜிஜி.

நான் லேசில் யாரையும் நம்புகிறவன் இல்லை. "எந்த மருந்து நல்லதுன்னே உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றேன்.

"முழுசாத் தெரியாது பெரியவரே. கொஞ்சம் குழந்தைக்கு இது, கொஞ்சம் குழந்தைக்கு அதுன்னு கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தாங்க. உங்க குழந்தைக்கு முதல்ல கொடுத்தோமே, அந்த மருந்திலதான் கூடுதல் குழந்தைங்களுக்கு நின்னது. நிக்காத குழந்தைங்களையும் மறைக்காம எண்ணினாங்க. உங்க குழந்தை நிக்காத கூட்டம். அதான் அடுத்த மருந்து."

வராந்தாவில் என் வீட்டுக்காரி காளியாத்தாள் பிடித்துக்கொண்டாள். "தெரியாதுங்கற டாக்டருகிட்டப் புள்ளைய உட்டுட்டு நிக்கறீங்க! சாமி தெரியும்ங்கறாரு. எங்க பொறுப்புன்னு எழுதிக் குடுத்துட்டுத் தூக்கிட்டுப் போலாமுங்க."

நர்மதா அழுத கண்ணோடு என்னையே பார்த்தாள்.

"மொதல்ல நான் போயிச் சாமியப் பாத்துட்டு வாரேன். அதுவரைக்கும் மருந்து நிக்கக் கூடாது" என்றேன். காளியாத்தாளும் கூடவே கிளம்பினாள்.

சாமி வீட்டு வாசலில் அவர் மச்சினன் குப்பண்ணன் உட்கார்ந்து, ஒவ்வொரு குழந்தையின் கையையும் காலையும் பிடித்துத் திருநீறு பூசிக்கொண்டிருந்தான். பூசிவிட்டுச் சிலரை உள்ளே விட்டான். சிலரிடம், "கெரகம் செரியில்லீங்க, அமாவாசை கழிச்சு வாங்க" என்றான். கிரகத்தையே விரட்டுகிற சாமிக்குக் கிரகம் சரியாக இருந்தால்தான் வேலை ஓடுமாம்!

அப்படித் திரும்பிய ஒருத்தியின் குழந்தையைப் பார்த்தேன். குப்பண்ணன் பிடித்த பிடிக்குள்ளேயே அதன் கால் சைக்கிள் மிதித்தது. நர்மதா குழந்தைக்கும் அப்படித்தான். நான் பிடித்துப் பார்த்தேனே, என் உள்ளங்கைக்குள்ளேயே இழுத்ததே.

உள்ளே செல்வலட்சுமி என்கிற பெண்ணின் குழந்தைக்குக் கை படபடவென்று நடுங்கியது. சாமி பிடித்தார். நின்றது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"சாமி, கை மாத்திப் பாக்கலாமுங்களா?" என்றேன்.

"என்னது?"

"ஆசுபத்திரில மருந்துக்கு மருந்து ஒப்பிட்டுப் பாக்கறாங்க. அதாட்ட உங்க கைக்கு என் கை."

"நீ வெரதமா?"

"காத்தால கோழிக்கொழம்புங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். செல்வலட்சுமி தயங்கித் தயங்கிக் குழந்தையை நீட்டினாள். மறுபடி நடுங்கிக்கொண்டிருந்த கையை மெதுவாகப் பிடித்தேன். நின்றது. விட்டேன், நடுங்கியது. யாரும் சொல்லாமலே காளியாத்தாள் வந்து பிடித்தாள்.

"ஏனுங்க! எனக்கும் நிக்குதுங்க!"

"அப்ப நீயும் சாமிதான்" என்றேன். வாசலுக்குப் போய், திருப்பி அனுப்பப்பட்டவளைக் கூட்டி வந்தேன். "இந்தக் காலப் புடிங்க சாமி."

சாமி கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அந்தத் தாய் விடவில்லை. காலை நேரே அவர் முன்னால் நீட்டினாள். ஊரே பார்க்கிறதே, பிடித்தார். மந்திரம் சொன்னார். கால் மிதித்துக்கொண்டே இருந்தது.

காளியாத்தாள் குப்பண்ணன் பக்கம் திரும்பினாள். "ஏண்டா, வாசல்லயே புடிச்சுப் பாத்துட்டு, நிக்கறதயா உள்ள உட்டே?"

குப்பண்ணன் திருநீற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் நடந்தான்.

இரண்டு குழந்தைகளும் அன்றைக்கே எங்களோடு ஜீப்பில் ஆசுபத்திரிக்கு வந்தன. "பிடிச்சா நிக்கறது வலிப்பில்லை, நடுக்கம். ஆனாலும் சர்க்கரை குறைஞ்சிருக்கான்னு பார்க்கணும். பிடிச்சாலும் நிக்காததுதான் வலிப்பு. அதுக்கு ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது" என்றார் டாக்டர். நர்மதா குழந்தைக்கு இரண்டாவது மருந்தில் நின்றது. நின்ற பிறகும் நான் கேட்டேன், "இனி வராதுங்களா?" டாக்டரம்மா மறுபடியும், "தெரியாது, பார்த்துக்கிட்டே இருக்கணும்" என்றார். இந்த முறை காளியாத்தாள் சண்டைக்குப் போகவில்லை.

காளிச்சாமி இப்போது மூட்டுவலிக்கு மாறிவிட்டார் என்று கேள்வி. போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். ஆனால் உள்ளே குணமானவர்களை எண்ணுவதற்கு முன்னால், வாசலோடு திரும்பினவர்களை ஒருதரம் எண்ணுங்கள். கன்னம் எங்கேயும் ஓடிப்போகாது, அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.