சீயக்காய் கேட்ட சாமி

மதுரையில் கல்மீட்டர் அண்ணன் புரட்டிப் பார்க்காத கல் என்று ஒன்று கிடையாது. அவருடைய சிறுநீரகத்திலிருந்து எடுத்த கல்லைக்கூட, "அதுல எழுத்து ஏதும் இருந்துச்சா டாக்டர்?" என்று விசாரித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பினாராம். நான் நம்புகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் அவர் வீடு வீடாகப் போய் கரண்ட் மீட்டர் ரீடிங் எடுப்பவர். மற்றவர்கள் மீட்டரைப் பார்த்து அட்டையில் எழுதிவிட்டு நடையைக் கட்டுவார்கள். இவர் மீட்டரைத் தாண்டி நேராகக் கொல்லைக்குப் போவார். துவைக்கிற கல், வாசற்படி, மாடு கட்டும் கல் என்று ஒன்று விடாமல் தடவிப் பார்ப்பார். "இடிஞ்ச மண்டபத்துக் கல்லெல்லாம் எங்க போச்சுங்கிற? அம்புட்டும் நம்ம வீட்டுப் பொறவாசல்லதான் கெடக்கு மாப்ள" என்பார். ஒருமுறை எங்கள் அட்டையில் யூனிட் எழுத வேண்டிய கட்டத்தில் 'ஸ்வஸ்திஸ்ரீ' என்று எழுதிவிட்டுப் போனார். பழைய கல்வெட்டுகள் அப்படித்தான் தொடங்குமாம்.

கோரிப்பாளையத்தில் ஒரு பாய் வீட்டு அம்மியில் குட்டிக் குட்டிக் கோடுகளைக் கண்டு, சமணர் காலத்து எழுத்து என்று முடிவு கட்டினார். மூன்று மாதம் அந்த வீட்டில் தேங்காய் அரைக்கவிடவில்லை. கடைசியில் பாய் பொறுமையிழந்து, தெருவில் போன அம்மி கொத்துகிறவரைக் கூப்பிட்டுக் காட்டினார். "இது நோன்புக்கு முன்னாடி நான் கொத்துனதுல்ல?" என்றார் அவர். கல்மீட்டர் அசரவில்லை. "கொத்து நல்லா விழுந்திருக்குய்யா" என்று பாராட்டிவிட்டு வந்தார்.

அப்போது எனக்குக் கல்யாணமான புதிது. சிம்மக்கல்லில் ஆறு குடித்தனம் இருந்த ஒரு வளவில் குடியிருந்தோம். ஆறு வீட்டுக்கும் கிணற்றடியில் ஒரே துவைக்கிற கல். அதற்குச் சர்வாதிகாரி ராஜாமணி அக்கா. சௌராஷ்டிரக் குடும்பம், கோபம் வந்தால் நடுவிலேயே வீட்டுப் பாஷைக்கு மாறிவிடுவார். அதனால் அவருடைய திட்டில் பாதி எங்களுக்கு வந்து சேராது.

வளவின் சொந்தக்காரர் தண்ணீர்த் தொட்டி கட்ட முடிவு செய்தார். துவைக்கிற கல்லை உடைத்து அஸ்திவாரத்தில் போட்டுவிடுவதாகச் சொன்னார். விஷயம் காதில் விழுந்ததும் கல்மீட்டர் ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் ஓடி வந்தார். நாங்கள் நாலு பேர் சேர்ந்து கல்லைப் புரட்டினோம். அடிப்பக்கம் முழுக்க எழுத்து! அவர் கண் கலங்கிவிட்டது. உடனே வீட்டுக்காரரிடம் போய்க் கெஞ்சினார்.

"எழுத்திருந்தா என்னய்யா? தொட்டி ஒழுகாம இருக்குமா?" என்று கேட்டார் வீட்டுக்காரர். கொத்தனார் புதன்கிழமை வருவதாக ஏற்பாடு.

எழுத்தின் பள்ளத்தில் வெள்ளை ஏறினால்தான் படிக்க முடியும். என் மனைவியிடம் கோலமாவு வாங்கி அண்ணன் கல் முழுக்கப் பூசினார். இரண்டு வரி படிப்பதற்குள் வெளிச்சம் போய்விட்டது. கல்லைச் சுவரில் சாய்த்து நிறுத்திவிட்டு, "நாளைக்கு ஆபீஸ் முடிச்சு வாரேன், யாரும் தொட்டுராதீக" என்று போனார். மறுநாளும் அதற்கடுத்த நாளும் அவருக்கு அவனியாபுரத்தில் இருட்டும்வரை வேலை போட்டுவிட்டார்கள். வரவில்லை.

பரமக்குடிக்குப் போயிருந்த ராஜாமணி அக்கா திங்கட்கிழமை காலை அழுக்குத் துணியோடு கிணற்றடிக்கு வந்தார். கிழக்கே பார்த்து, உடம்பெல்லாம் வெள்ளையாக நிற்கிறது கல். துணிமூட்டையைப் போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இத்தன வருஷம் இதும் மேலயா துணி அடிச்சேன்!" என்று அழுதார்.

"அக்கா, அது கோலமாவு" என்றாள் என் மனைவி.

"நாம திருநீறு பூசலைன்னா சாமி வேற என்னத்தப் பூசிக்கும்?" என்று பதில் வந்தது.

மத்தியானத்துக்குள் மஞ்சள், குங்குமம், மாலை. செவ்வாய்க்கிழமை தெருவே திரண்டு வந்துவிட்டது. புதன்கிழமை கடப்பாரையோடு வந்த கொத்தனார் செருப்பைக் கழற்றி, கும்பிட்டு, பிரசாதம் வாங்கிக்கொண்டு திரும்பினார். வீட்டுக்காரர் தொட்டியை வேறு மூலைக்கு மாற்றினார்.

அன்று சாயங்காலம் கல்மீட்டர் வந்தார். கல் பிழைத்ததைப் பார்த்துச் சிரித்தார். அதன் மேல் வழிந்த எண்ணெயைப் பார்த்ததும் முகம் செத்துப் போனது. "மாப்ள, ஒரு வருஷம் இப்பிடி ஊத்துனா எழுத்தெல்லாம் மூடிப்போகும்டா."

"உண்மையைச் சொல்லிருவோமாண்ணே?"

"சொன்னா நாளைக்கே கடப்பார வந்துரும்."

தேர் வந்தால் சக்கரத்தை மட்டும் பார்த்துவிட்டு, சாமியை ஏறிட்டும் பார்க்காமல் போகிற ஆள் அவர். ஆபீஸ் வாசலில் நின்று 'கல்லைப் போய்க் கும்பிடுறீகளே' என்று ஊரையே கிண்டலடித்தவர். அந்த மனிதர் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்.

"அக்கா, கனவுல வந்துச்சு. இந்தச் சாமிக்கு எண்ணெ ஆகாதாம். சீயக்காயும் வெந்நியுந்தான் கேக்குது."

ராஜாமணி அக்கா சந்தேகமாகப் பார்த்தார். "ஒம்ம கனவுல எதுக்கய்யா வந்துச்சு?"

"மீட்டர் பாக்குறவன்ல? எல்லா வீட்டுக்கும் போறவங்கிட்டதானக்கா சொல்லிவிடும்."

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் ஈர வேட்டியோடு அவரே அபிஷேகம் செய்தார். நார் பிரஷ்ஷால் அவர் சாமியைத் தேய்த்துக் குளிப்பாட்டும்போது பெண்கள் குலவை போடுவார்கள். அவர் வாய் முணுமுணுக்கும். மந்திரம் என்று எல்லோரும் நினைத்தார்கள்; அண்ணன் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார். வாரத்துக்கு ஒரு வரி. ஆபீஸில் 'பூசாரி' என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள். எனக்கே சங்கடமாக இருந்தது. அவர் ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை.

ஒன்பதாவது வாரம் படித்து முடித்தார். யாரோ ஒருவர் வழிப்போக்கர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல் வைக்க நிலம் விட்ட செய்தி. கடைசி வரியை எனக்கு மட்டும் படித்துக் காட்டினார். 'இந்தத் தர்மத்தைக் காப்பாற்றியவர் பாதம் என் தலைமேல்' என்று இருந்தது. "எல்லாக் கல்வெட்டுலயும் முடிக்கிற வழக்கம்டா இது" என்று கூச்சத்தோடு சொல்லிவிட்டு, சீயக்காய் ஒட்டியிருந்த தன் கால்களை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார்.

அவர் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. போன மாதம் அந்த வளவுக்குப் போனேன். கல்லுக்குக் கம்பிக் கதவு போட்டிருக்கிறார்கள். யாருக்கும் காரணம் தெரியாமல் இன்றும் சீயக்காய்தான். எழுத்து ஒவ்வொன்றும் பளிச்சென்று இருக்கிறது. கடைசி வரியைத் தடவிப் பார்த்துவிட்டு, அந்தக் கையை என் தலைமேல் வைத்துக்கொண்டேன்.