உங்கள் சவுரி நீலமான விவரம்

உ
சிவமயம்

பாளையங்கோட்டை,
ஆவணி மாதம், 1997

மகராசி சம்பந்தி உலகம்மாள் மதினி அவர்களுக்குப் பாலம்மாள் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் இவுகளும் ஜப்பானிலிருந்து லீவுக்கு வந்திருக்கும் நம் பேத்தி ப்ரியாவும் உங்கள் புண்ணியத்தில் நலம். சாத்தான்குளத்தில் உங்கள் நலத்தையும் அண்ணாச்சியின் முட்டுவலி குறைந்த விவரத்தையும் எழுதவும். தை மாதம் வந்தபோது எங்கள் வீட்டில் மறந்துவிட்டுப் போன உங்கள் சவுரிமுடியை உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குள் அனுப்பச் சொல்லி எழுதியிருந்தீர்கள். மேலே எல்லாரும் நலம் என்று எழுதினேனே, அந்தக் கணக்கில் சவுரி வராது. அது இப்போது நீலமாக இருக்கிறது.

கோபப்படாமல் வாசிக்க வேண்டும். உங்கள் பேத்தி அங்கே பள்ளிக்கூடத்தில் நாலு சிநேகிதிகளோடு சேர்ந்து ஒரு கார்ட்டூன் கதைக்குப் பைத்தியமாக இருக்கிறாள். அதில் அஞ்சு வீராங்கனைகள். நம் பிள்ளை கட்டுவது மழைக்குக் காவல் நிற்கிறவள் வேசம், அவளுக்கு முழங்கால் வரை நீல முடி. வருசா வருசம் அங்கே ஒரு பெரிய மாநாடு கூட்டி அவனவன் பிடித்த வேசம் கட்டிப் போட்டோவுக்கு நிற்பானாம். இந்த வருசம் நாம் அவளை இங்கே இழுத்துக்கொண்டு வந்துவிட்டோம். வேசத்தோடு ஒரு படமாவது அனுப்பினால் சிநேகிதிகள் அதைப் பெரிசாக்கி நடுவில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், இல்லையென்றால் அடுத்த வகுப்புப் பிள்ளை நீல முடியைக் கட்டிக்கொள்வாள் என்று ஏற்பாடு. "என் எடத்துல வேற ஆளு நிப்பா ஆச்சி. அப்புறம் அவதான் எப்பவும் நிப்பா" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. என் சவுரியை எடுத்தால் அது எலிவால் மாதிரி இருக்கிறது. உங்களுடையதோ ஆனைக்குத் தும்பிக்கையாகவே வைக்கலாம். தொடக் கூடாது என்று ஒரு சீட்டு எழுதி வைத்திருந்தால் நானும் படித்த அஞ்சாம் கிளாசுக்கு எழுத்துக்கூட்டியாவது வாசித்திருப்பேன்.

வேட்டிக்குப் போடுகிற சொட்டு நீலத்தை அண்டாவில் கரைத்து ஊறப்போட்டேன். படத்தில் முடி விறைப்பாக நிற்கிறதே என்று வடிகஞ்சியும் விட்டேன். காய்ந்ததும் சவுரி முறம் மாதிரி ஆகிவிட்டது. என் கை இரண்டும் முழங்கை வரை நீலம். பால்காரர் செம்பை என் கையில் தராமல் படியில் வைத்துவிட்டுப் போனார். இவுக வெள்ளை வேட்டியில் சட்டை தைத்து, ஒட்டடைக் கம்புக்கு ஜிகினாத்தாள் சுற்றி ஆயுதம் ஆக்கினோம். இவுக பார்த்துவிட்டு, "வீட்டுல ஒரு பிள்ளைக்குத்தான் லீவுன்னு நினைச்சேன்" என்றார்கள்.

மழைக்காரிக்குப் பின்னால் தண்ணீர் விழ வேண்டுமாம். அருவி எழுதின படுதா இந்த ஊரில் போட்டோக்கார எலியேசரிடம்தான் உண்டு. அவரோ அதைக் கல்யாண மண்டபத்தில் நடந்த நம் சைவ மாநாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். அங்கே மாறுவேடப் போட்டியில் ஏறுகிற பிள்ளைகளுக்கு மட்டும்தான் படம். அன்றைக்கே எடுத்துத் தபாலில் போட்டால்தான் ஜப்பான் மாநாட்டு நாளுக்குள் போய்ச் சேரும் என்ற நிலைமை, பிள்ளையைப் போட்டியில் ஏற்றிவிட்டேன். பிள்ளையாரும் முருகனுமாக நின்ற வரிசையில் நம் பிள்ளை நீல முடியும் ஒட்டடைக் கம்புமாக நிற்க, செயலாளர் குற்றாலலிங்கம் அண்ணாச்சி என்னைப் பார்த்து, இது என்ன வேசம் என்று கேட்டார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "மழை தார அம்மன், அண்ணாச்சி" என்றேன். "முடி நீலமா இருக்கே?" என்றார். "மேகம் பின்ன என்ன நெறத்துல இருக்கும்?" என்றேன். அண்ணாச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆறுதல் பரிசு ஒரு சோப்பு டப்பா கிடைத்தது. பாவம் முழுக்க என் தலையில், டப்பா ப்ரியாவிடம்.

பிறகு படுதா முன்னால் போனோம். ஒற்றைக் கால் தூக்கிக் கம்பை நீட்டி நிற்க வேண்டும், முடி காற்றில் பறக்க வேண்டும். அம்மியைப் பறக்கவிடுகிற ஆடிக் காற்று அன்றைக்குப் பார்த்து மண்டபத்துக்குள் வரவில்லை. நான் பின்னால் குந்தி, சவுரி நுனியைப் பிடித்து ஆட்டினேன். எலியேசர், "சுருள்ல கடைசிப் படம், ஆச்சி. தலைய உள்ள இழுங்க" என்றார். இழுத்தேன். இழுக்கும்போதுதான் பார்க்கிறேன், பிள்ளை நெற்றி வெறிச்சென்று இருக்கிறது! நல்ல நாளில் ஒரு பொம்பளைப் பிள்ளையைப் பாழ்நெற்றியோடு படம் பிடித்து வெளிதேசம் அனுப்புவதா? நீங்களே சொல்லுங்கள் மதினி, நீங்கள் சும்மா இருந்திருப்பீர்களா? என் நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து எட்டி அவள் நெற்றியில் ஒட்டினேன். அந்த நேரம் பார்த்துக் காமிரா பளிச்சென்று வெட்டிவிட்டது.

படத்தில் நம் பிள்ளை கம்பீரமாகத்தான் நிற்கிறாள். அவள் தோளுக்கு மேலே ஒரு நீலக் கை முளைத்து நெற்றியை அமுக்குகிறது. இடுப்புப் பக்கம் வாயைப் பிளந்தபடி என் பாதி முகம், அதன்மேல் உங்கள் சவுரி. ப்ரியா அழவில்லை, அழுதிருந்தால் எனக்குத் தேவலை. "பரவால்ல ஆச்சி, இதையே அனுப்பிருவோம்" என்று உறையில் போட்டு நாக்கால் ஒட்டினாள். ஒரு பிள்ளையின் இடத்தைப் பொட்டு வைத்து அழித்துவிட்டோமே என்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நேற்று அங்கேயிருந்து போன் வந்தது. அந்தப் படத்தை நடுவில் பிடித்துக்கொண்டுதான் நாலு பேரும் நின்றார்களாம். வேறு ஆள் வரவில்லையாம். பார்த்தவர்கள் எல்லாம் அந்த மூன்றாவது கை எப்படிச் செய்தது என்று கேட்டுக் கேட்டுப் படம் எடுத்தார்களாம். ப்ரியா போனை வைத்துவிட்டு என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள். நல்லவேளை, அந்த மட்டில் தப்பித்தேன்.

இனி இந்த வேசக் கூத்தில் தலையிட மாட்டேன் என்று நெல்லையப்பர் மேல் ஆணையாக எழுதுகிறேன். வயசுக்கு ஏற்ற மாதிரி விளக்கேற்றிக்கொண்டு இருக்கப் போகிறேன். சவுரியைச் சீயக்காய் போட்டு அலசி அலசிக் கறுப்பாக்கி அனுப்புவது என் பொறுப்பு. அண்ணாச்சிக்கு எங்கள் வணக்கமும் சின்னப் பிள்ளைகளுக்கு ஆசியும் சொல்லவும். கல்யாண வீடு குறைவில்லாமல் நிறைய வேண்டும்.

இப்படிக்கு,
அடங்கி ஒடுங்கிய
பாலம்மாள்

பி.கு.: சவுரிக்காகக் காத்திருக்க வேண்டாம், அது நீலமாகவே இருக்கட்டும். உங்களிடம் இருக்கும் இன்னொரு சவுரியையும் ப்ரியா ஊருக்குப் போகுமுன் அனுப்பவும், மருதாணி போட்டுச் சிவப்பாக்க வேண்டும். அடுத்த லீவுக்கு அந்த நாலு சிநேகிதிகளும் ப்ரியாவோடு இங்கே வருகிறார்கள். கதையில் வரும் எதிரி ராணி வேசத்துக்கு படத்தில் இருக்கிற அந்த நீலக் கைக்காரிதான் வேண்டும் என்று ஒரே பிடிவாதம், சரி என்று சொல்லிவிட்டேன். ராணிக்கு ஒரு மூத்த அக்காளும் உண்டாம், ராணியை விடப் பொல்லாதவள். அதற்கு உங்கள் உயரம்தான் பொருந்தும் என்கிறாள் ப்ரியா. மூக்குத்தியைக் கழற்ற வேண்டாம். பொட்டும் உண்டு, ப்ரியாவிடம் முதலிலேயே சம்மதம் கேட்டு வாங்கிவிட்டேன்.