இல்லாத முந்நூற்று ஐம்பத்தொன்று

எண்ணைப் பெயராக வைத்து கார் செய்கிறவர்கள் யாரும் விருத்தாசலத்தில் ஒரு நாள்கூட கார் விற்றுப் பார்த்திருக்க மாட்டார்கள். பூவின் பெயரை வைக்கலாம், புலியின் பெயரை வைக்கலாம். எண்ணை மட்டும் வைக்கக் கூடாது. எங்கள் ஊர்க்காரர்களால் ஓர் எண்ணைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. பஸ் டிக்கெட்டில் இருப்பதைக்கூடக் கூட்டிப் பார்த்த பிறகுதான் சட்டைப் பையில் வைப்பார்கள். எட்டு வந்துவிட்டால் பக்கத்து சீட்டுக்காரரிடம் மாற்றிக்கொள்ளலாமா என்று யோசிப்பார்கள். (என் அப்பா ஒரு முறை மாற்றியே விட்டார். அந்த மனிதர் கடைசி வரை காரணம் தெரியாமலே இறங்கிப் போனார்.)

இப்படிப்பட்ட ஊரில்தான், கடலூர் ரோட்டில் இருந்த ஒரு கார் ஷோரூமில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது புதிதாக வந்திருந்த மாடலின் பெயர் 350. ஆறு மாதம் என்னைச் சோதித்துப் பார்ப்பார்கள். அதற்குள் மூன்று 350 விற்றுவிட்டால் வேலை நிரந்தரம். விற்காவிட்டால் வீடு. வீடு என்றால் கல்யாணம்.

அப்பா இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார். "வேல நெலைச்சுதுன்னா ஒரு வருஷத்துக்கு ஜாதகத்த தொட மாட்டேன். இல்லன்னா வர்ற தையிலயே முடிச்சுடுவேன்."

எனக்குக் கல்யாணத்தின் மேல் கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் பிறந்ததிலிருந்தே எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. ஷோரூமில் காரைச் சுற்றிச் சுற்றி நடப்பதற்கே சம்பளம் கொடுத்தார்கள். உலகத்தில் எனக்கென்றே உருவான வேலை அது ஒன்றுதான் என்று அப்போது நம்பினேன்.

எங்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சென்னையிலிருந்து நிதின் சார் வந்தார். இஞ்சின், பிரேக், மைலேஜ் எல்லாவற்றுக்கும் சேர்த்து அரை நாள். காரின் பெயரை எப்படி உச்சரிப்பது என்பதற்கு முழுசாக ஒரு நாள். "முந்நூத்தி அம்பது" என்று சொல்லக் கூடாதாம், அரிசி மூட்டை விலை மாதிரி இருக்குமாம். "த்ரீ ஃபிஃப்டி" என்றால் ஏதோ பைக்கைச் சொல்வதுபோல் ஆகிவிடுமாம். "ஸீரோ" என்ற சொல் வாயிலிருந்து வந்தாலே வண்டியின் மரியாதை போய்விடுமாம்.

"த்ரீ… ஃபைவ்… ஓ. அந்த ஓ வரும்போது உதடு நல்லா குவியணும். வண்டியப் பாத்து நீங்களே அசந்துபோன மாதிரி இருக்கணும்" என்றார்.

நான் நல்ல மாணவி. தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று அசந்துபோனேன். மூன்றாம் நாள் தோட்டத்துப் பக்கத்திலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "யாருடி பூட்டாங்க? காலங்காத்தால ஓன்னு ஒப்பாரி வெக்கிற?"

ஒப்பாரிக்குக் காரணம் சீக்கிரமே வந்தது. வருகிறவர்கள் காரைத் தட்டிப் பார்த்தார்கள், ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பினார்கள், ஏசியில் முகத்தைக் காட்டினார்கள். பிறகு பின்பக்கம் போய் அந்த வெள்ளி எழுத்துகளைப் படித்தார்கள். உதடு முணுமுணுக்கும். மூணும் அஞ்சும் எட்டு. "வூட்ல கேட்டுக்கிட்டு வரோம்ங்க" என்று போவார்கள். அதற்குப் பிறகு அவர்களை நான் கோயில் திருவிழாவில்தான் பார்ப்பேன். எட்டைப் பற்றிக் கவலைப்படாத ஒரு பல் டாக்டருக்கும், ஊருக்கே புதியவரான ஒரு பேங்க் அதிகாரிக்கும் ஒவ்வொரு கார் விற்றேன். மூன்றாவது மட்டும் நகரவே இல்லை. கடைசி மாதம் வந்துவிட்டது. நான் நடந்த நடையில் ஷோரூம் தரையின் பளபளப்பே குறைந்துவிட்டதாக மேனேஜர் பாலு சார் சொன்னார்.

அப்போதுதான் மலர்க்கொடி அக்கா வந்தார். செராமிக் எஸ்டேட்டில் பீங்கான் பொம்மையும் ஃபியூஸ் கட்டையும் செய்கிற யூனிட் அவருடையது. கூடவே கணவர் வந்திருந்தார். அக்கா பேசுவார், அவர் தலையாட்டுவார். அக்காவே வண்டியை ஓட்டிப் பார்த்தார், ஹார்ன் அடித்துப் பார்த்தார், நிறமும் பிடித்துவிட்டது. கடைசியில் பின்பக்கம் போனார்.

"என்னாம்மா இது, கூட்டுனா எட்டு வருது?"

"த்ரீ… ஃபைவ்… ஓக்கா" என்றேன், உதட்டைக் குவித்து.

"நீ எப்புடிச் சொன்னாலும் எட்டுதான. அதுக்கு மேல சைபர்ல வேற முடியுது. மொய் வெக்கிறதுகூட நூறுன்னா நூத்தி ஒண்ணாத்தான வெக்கிறோம்? எங்க யூனிட்டுலயே நூறு பொம்ம ஆர்டர் வந்தா நூத்தி ஒண்ண பெட்டியில வெப்போம், போற வழியில ஒண்ணு ஒடையும்னு. மொட்டையா ஒரு நம்பர வூட்டு வாசல்ல நிறுத்தச் சொல்றியே."

கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டார். தை மாதமும் முகம் தெரியாத மாப்பிள்ளையும் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றார்கள். யோசிக்காமல் பேசுவது என் பிறவிக்குணம்.

"அப்ப நீங்களும் ஒண்ணு சேத்துச் சொல்லுங்கக்கா. முந்நூத்தி அம்பத்தி ஒண்ணு!"

அக்கா நின்றார். கணவர் விரல்விட்டு எண்ணினார். மூணு, அஞ்சு, ஒண்ணு. அன்றைக்கு அவர் வாயைத் திறந்து பேசியது ஒரே ஒரு சொல்தான்.

"ஒம்போது."

ஒன்பது என்றால் எங்கள் ஊரில் அதற்கு மேல் பேச்சே கிடையாது. அங்கேயே புக் செய்துவிட்டார்கள்.

இதோடு விட்டிருந்தால் நான் இன்றைக்கு எங்கேயாவது ஏரியா மேனேஜராக இருந்திருப்பேன். ஆனால் டெலிவரி நாளன்று பாலு சார் மொட்டை போடத் திருப்பதிக்குப் போயிருந்தார். கேட்க ஆளில்லாத தைரியத்தில் நான் ஒரு கேக் வாங்கினேன். அதில் பெரிதாக 351 என்று எழுதச் சொன்னேன். அக்கா கேக் வெட்டுவதை வீடியோ எடுத்து, "விருத்தாசலத்தின் முதல் 351! வாழ்த்துகள்!" என்று எழுதி வாட்ஸாப் ஸ்டேட்டஸில் போட்டேன். அக்காவும் அதை எடுத்துத் தன் ஸ்டேட்டஸில் போட்டுக்கொண்டார். எஸ்டேட்டில் இருக்கிற அத்தனை யூனிட்காரர்களும், சுற்றுவட்டாரத்து நல்லூர், மங்களூர் சொந்தக்காரர்களும் பார்த்தார்கள். அன்று சாயங்காலம் அப்பா என் ஜாதகத்தை எடுத்து மறுபடியும் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். நான் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை போன் வர ஆரம்பித்தது.

"351 இருக்குதுங்களா?"

எனக்குப் புரிந்ததால் "இருக்குதுங்க, வாங்க" என்றேன். வந்தார்கள். நேராக வண்டியின் பின்பக்கம் போனார்கள். "இது 350. எங்களுக்கு மலர்க்கொடி வாங்குனது வேணும்."

ஸ்டேட்டஸைப் பார்த்தவர்கள், 351 என்பது 350க்கு அடுத்து வந்த உசத்தியான மாடல் என்று முடிவு கட்டியிருந்தார்கள். அந்தக் கூடுதல் ஒன்று என்ன என்பதையும் அவர்களே கண்டுபிடித்திருந்தார்கள். மைலேஜ் கூட வரும் என்றார் ஒருவர். ஓட்டுகிறவருக்கு மட்டும் தனி ஏசி என்றார் இன்னொருவர். (அக்கா ஓட்டும்போது பக்கத்தில் கணவர் ஜன்னலை இறக்கிவிட்டுக்கொண்டு வருவதைப் பார்த்துக் கண்டுபிடித்தது அது.)

இரண்டும் ஒரே வண்டிதான் என்று சொன்னால் மலர்க்கொடி அக்காவை நான் ஏமாற்றியதாகப் பேசுவார்கள். வேறு என்று சொன்னால் அதை எங்கிருந்து கொண்டுவருவது? தொண்டை வரைக்கும் உண்மை வந்தது. வாயைத் திறந்தபோது வெளியே வந்தது வேறு. "ஸ்டாக் வரணும்ங்க."

அந்த வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. போன் மணி அடித்தால் ஷோரூமின் மறுகோடிக்கு நடந்துவிடுவேன். மொட்டைத் தலையோடு திரும்பி வந்த பாலு சாருக்குத் தலைகால் புரியவில்லை. "எங்கேருந்தும்மா வந்துது இந்த 351?" என்று என்னையே கேட்டார். விசாரிக்கிறேன் சார் என்றேன். இதற்குள் யாரோ பொறுமை இழந்து கம்பெனிக்கே போன் செய்து, விருத்தாசலத்தில் 351ஐப் பதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று புகார் சொல்லிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் நிதின் சார் ரயிலில் வந்து இறங்கினார்.

அவர் வந்த அதே நேரத்தில் கம்மாபுரத்திலிருந்து ஏழுமலை என்பவர் குடும்பத்தோடு வந்தார். அன்றே பணத்தைக் கட்டி அன்றே ஓட்டிக்கொண்டு போகலாம் என்ற நினைப்பில் பூஜைச் சாமான்களையும் கொண்டுவந்திருந்தார்கள். அவருடைய அம்மா மாலையை வைத்துக்கொண்டிருந்தார். தம்பி, எலுமிச்சம்பழமும் தேங்காயும் வைத்த தட்டை ஏந்திக்கொண்டு நின்றார்.

"இங்க 351ன்னு ஒரு மாடலே இல்ல சார்" என்றார் நிதின் சார். "ஒன்லி த்ரீ… ஃபைவ்… ஓ."

ஏழுமலையின் அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்பா இந்தத் தம்பி வாயக் குவிக்குது? பல்லு வலியா?"

"அம்மா, சும்மா இரு. ஏங்க, மலர்க்கொடிக்கு மட்டும் எப்புடிக் குடுத்தீங்க? பழச எங்க தலையில கட்டப் பாக்கறீங்களா?" என்று ஏழுமலை தன் போனை நீட்டினார். அதில் என் கேக் இருந்தது.

நிதின் சார் கேக்கைப் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். "இத யாரு ஆர்டர் பண்ணது?"

அந்த நேரத்தில் நான் ஒரு வெள்ளை 350க்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தேன். நின்றால் தெரிந்துவிடும் என்பதற்காக நடந்துகொண்டே இருந்தேன். ஷோரூமில் இருந்த அத்தனை தலைகளும் என்னோடு சேர்ந்து திரும்பின.

ஏழுமலை விடவில்லை. மலர்க்கொடி அக்காவையே போனில் கூப்பிட்டார். எஸ்டேட் எவ்வளவு தூரம்? பத்து நிமிஷத்தில் அக்கா காரோடு வந்துவிட்டார். வண்டியின் பின்பக்கத்தில் 350க்குப் பக்கத்தில் தங்க நிறத்தில் ஒரு 1 ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் நிதின் சார் கண்ணை மூடிக்கொண்டார்.

"மேடம், உங்ககிட்ட இங்க யாரோ தப்பா…"

"தப்பா ஒண்ணும் சொல்லல தம்பி. எனக்கும் படிக்கத் தெரியும். வண்டி 350தான். வூட்டுக்கு வந்தப்பறம் நாங்க கூப்புடறது 351. உங்க பேரு என்னா?"

"நிதின்."

"உங்க அம்மா வூட்ல நிதின்னா கூப்புடுவாங்க?"

எதிர்பாராமல் கேட்டதால் அவர் பதில் சொல்லிவிட்டார். "சின்னு."

பாலு சாரின் மொட்டைத் தலைகூடச் சிரித்தது. ஏழுமலைதான் இன்னும் குழம்பிப்போய் நின்றார். "அப்ப ரெண்டும் ஒண்ணுதானாக்கா? அந்த ஒண்ணு எங்க?"

"அது நாம போட்டுக்கறதுடா" என்றார் அக்கா.

"நல்ல நேரம் போவுது" என்றார் ஏழுமலையின் அம்மா. புக்கிங் முடிந்தது.

அது பாலு சார் கணக்கில் போனது. மாடலின் பெயரை மாற்றி விளம்பரம் செய்தவரை வைத்துக்கொள்ள முடியாது என்று நிதின் சார் சொல்லிவிட்டார். மூன்று கார் விற்றிருந்தும் வேலை போனது. இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அன்றைக்கு ரொம்ப வலித்தது. ஷோரூமுக்குப் பின்னால் அடுக்கி வைத்திருந்த டயர்களின் மேல் உட்கார்ந்து அழுதேன். ஓரிடத்தில் உட்காராத நான், எழுந்திருக்கவே தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

யாரோ வந்து நின்ற மாதிரி இருந்தது. நிமிர்ந்தால் ஏழுமலையின் தம்பி, அதே தட்டோடு.

"வண்டி வர நாளாவுமாம். இந்த எலுமிச்சம்பழத்த என்னாங்க பண்றது?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டு தட்டைப் பார்த்தேன். "சக்கரம் நாலுதான? அஞ்சு இருக்குது?"

"ஒண்ணு சேத்துக் கொண்டாந்தோம்" என்றார், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

அழுதுகொண்டே சிரிப்பது எவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவரும் பார்த்துவிட்டார்.

அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தை மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். வாசலில் வந்து நின்ற காரின் முதுகில் 350க்குப் பக்கத்தில் தங்க நிறத்தில் ஒரு 1 இருந்தது. முன் சீட்டிலிருந்து எலுமிச்சம்பழக்காரர் இறங்கினார். காப்பித் தட்டோடு நான் அங்கேயே நின்றுவிட்டேன். பெண்ணுக்கு என்னென்ன தெரியும் என்று என் பெரியப்பா பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தார். ஏழுமலையின் அம்மா கையமர்த்தினார். "ஒண்ணு கூட்டத் தெரியும்ங்க. எங்களுக்கு அது போதும்."

கல்யாணமாகிக் கம்மாபுரத்துக்கு வந்த பிறகு இன்று வரை அந்த வண்டியில்தான் போகிறோம், வருகிறோம். எங்கள் வீட்டில் அதன் சரியான பெயரை யாரும் உச்சரிப்பதில்லை. இரண்டாம் வகுப்புப் படிக்கிற என் மகளுக்கு அப்படி ஓர் எண் இருப்பதே தெரியாது என்பது போன மாதம்தான் எனக்குத் தெரிந்தது. பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள். 349க்கு அடுத்த எண் எது என்ற கேள்விக்கு 351 என்று எழுதியிருந்தாள்.

"எத்தன தடவ சொன்னாலும் எங்க வூட்டுல அது கெடையாது மிஸ்ன்னு சாதிக்கிறா" என்றார் டீச்சர். "நீங்களே ஒரு தடவ அவகிட்ட சரியாச் சொல்லிடுங்க."

மகள் என் முகத்தையே பார்த்தாள். முந்நூத்தி அம்பது என்றுதான் சொல்ல நினைத்தேன். உதடு தானாகக் குவிந்துவிட்டது.

"த்ரீ… ஃபைவ்… ஓ."

மகள் டீச்சரின் பக்கம் திரும்பினாள்.

"எங்க அம்மாவுக்குப் பல்லு வலி மிஸ்."