எட்டாவது மாடிக்கு ஒரு கடிதம்

"தொடாதீங்க சிஸ்டர்! அந்த சுவிட்ச்ல கை வைக்காதீங்க!"

பதினான்கு வருடமாக அந்தக் கண் கிளினிக்கில் வேலை பார்க்கும் சிஸ்டர், டாக்டர் இப்படிக் கத்தி ஒருநாளும் கேட்டதில்லை. முன்பு ஒரு தடவை சிஸ்டர் லென்ஸ் பெட்டியை அவர் கால்மீதே போட்டபோதுகூட, "பரவாயில்லை சிஸ்டர்" என்று நொண்டிக்கொண்டே போன மனிதர் அவர்.

"ஆளே இல்லாத ஸ்டோர் ரூம்ல டிவி ஓடுது டாக்டர். அணைக்கத்தானே வந்தேன்?"

சிஸ்டருக்கு எரிகிற விளக்கைக் கண்டால் கை நிற்காது. நோயாளி ஒருவர் எழுத்துப் பலகையைப் படித்துக்கொண்டிருக்கும்போதே ஒருமுறை அதன் விளக்கை இவர் அணைத்துவிட, பார்வை போய்விட்டது என்று நோயாளி அலற, ஆறுதல் சொல்ல நாலு பேர் வேண்டியிருந்தது.

"அது டிவி இல்லை சிஸ்டர். வந்து... கருவி."

"என்ன கருவி?"

"கண் அசைவுப் பயிற்சிக் கருவி. புதுசு. ஒரு தடவை அணைச்சா எல்லாம் போயிடும்."

இதில் கடைசி வாக்கியம் மட்டும் உண்மை.

எல்லாம் போன வியாழக்கிழமை ஆரம்பித்தது. ஒரு கணக்கு டீச்சர், பத்து வயது மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒரு கையில் விடைத்தாள் கட்டு. இன்னொரு கையில் கனமான துணிப்பை. அந்தக் கையின் கட்டைவிரலில் பிளாஸ்திரி.

"விரல்ல என்ன டீச்சர்?"

"கதவுல நசுங்கிடுச்சு," என்ற டீச்சர், பையை மேஜைமேல் வைத்தார். "பழைய வீடியோ கேம் டாக்டர். என் தம்பியோடது. பரண் மேல கிடந்துச்சு. இப்ப பொண்ணுக்குக் கண்ணு வலி. வீட்ல எங்க ஒளிச்சு வச்சாலும் பிரயோஜனம் இல்லை. பரீட்சை முடியற வரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும்."

"கண்ணு வலிக்குதாம்மா?"

பெண் அம்மாவைப் பார்த்தாள். "வலிக்குது," என்றாள்.

டாக்டருக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் தலைக்கு மேலே சுவரில், 'விளையாட்டுத் திரை, பார்வைக்குத் திரை!' என்று அவரே எழுதிச் சட்டம் போட்ட பலகை தொங்கியது. அதை இத்தனை வருடத்தில் ஒருவர் மதித்து நடந்தது இதுதான் முதல் தடவை.

"எல்லா அம்மாவும் உங்களை மாதிரி இருந்துட்டா நான் கடையை மூடிட்டுப் போயிடலாம் டீச்சர்," என்றார். பெண்ணின் கண்ணில் ஒரு குறையும் தெரியவில்லை. இருந்தாலும் அடுத்த வியாழன் வரச் சொன்னார்.

நாற்பத்தேழு வயதுவரை டாக்டர் வீடியோ கேமைத் தொட்டதில்லை. சின்ன வயதில் மற்ற பிள்ளைகள் விளையாடும்போது இவர் படித்தார். படித்து என்ன, பள்ளியில் இரண்டாவது ரேங்க். மருத்துவக் கல்லூரியிலும் இரண்டாவது. டாக்டர்கள் சங்கத்துக் கேரம் போட்டியில் ஆறு வருடம் தொடர்ந்து இரண்டாவது. வீட்டிலும் அவர் இரண்டாவதுதான். வீட்டில் இருப்பதே அவரும் மனைவியும் மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், 'எதிரியைப் பற்றித் தெரிந்துகொண்டால்தானே நாலு பேருக்குப் புத்தி சொல்லலாம்' என்று பெட்டியை ஸ்டோர் ரூம் டிவியில் மாட்டினார். ஓணான் வேலியில்தான் போய்க்கொண்டிருந்தது. எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவர் அவரேதான்.

திரையில் கட்டைவிரல் அளவு தபால்காரர் ஒருவர். எட்டு மாடிக் கட்டடம். ஏணி ஏறி மாடிக்கு மாடி கடிதம் கொடுக்க வேண்டும். மேலேயிருந்து பூந்தொட்டிகள் விழும். பக்கவாட்டில் நாய்கள் ஓடி வரும். தபால்காரருக்கு மூன்று உயிர். ஒவ்வொன்றாகப் போகும்போது காலை மேலே தூக்கிக்கொண்டு 'டொய்ங்' என்று விழுவார்.

முதல் ஆட்டம் பதினோரு விநாடி. டாக்டர் சிரித்தார். இரண்டாவது ஆட்டம் ஒன்பது விநாடி. சிரிப்பு நின்றது. மூன்றாவது ஆட்டத்தில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். நிமிர்ந்து பார்த்தபோது மணி நாலு. வெளியே ஏழு நோயாளிகள்.

அதிலிருந்து தினமும் மத்தியானம் ஸ்டோர் ரூம்தான். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த வாய், "ஏறுடா, ஏறுடா, நாய் வருது பார்!" என்று கத்திக்கொண்டிருந்தது. புதன்கிழமை ஆறாவது மாடி. பதினாலாயிரத்து முந்நூறு புள்ளி. திரையில் முதல் பத்து பேர் பட்டியல் வந்தது. மூன்று எழுத்தில் பெயர் போடச் சொன்னது. டி, ஓ, சி என்று போட்டார். முதல் இடம்!

பட்டியலில் மற்ற ஒன்பது இடத்திலும் அவர் பெயர்தான் இருந்தது என்பதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் இடம் முதல் இடம்தான். கண் கலங்கியது. நாற்பத்தேழு வருடம் காத்திருந்த மனிதர், கலங்காதா?

ஆனால் பழைய காலத்துப் பெட்டி. எதையும் சேமித்து வைக்காது. மின்சாரம் போனால் பட்டியலும் போச்சு. அதனால்தான் அணைக்காமல் விட்டார். அதனால்தான் சிஸ்டரிடம் கத்தினார்.

பொய்க்குக் கால் கிடையாது என்பார்கள். சிஸ்டர் சொன்ன பொய்யாக இருந்தால் அப்படித்தான் இருந்திருக்கும். டாக்டர் சொன்ன பொய் என்பதால் சிஸ்டர் அதை உண்மை என்று நம்பி, அன்று சாயங்காலத்துக்குள் கிளினிக் முழுக்கப் பரப்பினார். வியாழன் காலை முதல் ஆளாக ஒரு ரிட்டயர்டு ஜட்ஜ் வந்து உட்கார்ந்தார்.

"கண் அசைவுப் பயிற்சி ஆரம்பிச்சிருக்கீங்களாமே? எனக்கும் வேணும்."

மறுக்க வழியில்லை. பொத்தான் வைத்த ஆட்டப் பிடியை ஜட்ஜ் கையில் கொடுத்துவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு டாக்டர் பக்கத்தில் நின்றார். ஜட்ஜின் தபால்காரர் முதல் மாடியிலேயே 'டொய்ங்.'

"இது அநியாயம்! நாய் வரப்போகுதுன்னு முன்கூட்டியே தகவல் கொடுக்கலையே?"

"இன்னும் ரெண்டு உயிர் இருக்கு சார்."

"அப்ப மேல்முறையீடு உண்டுன்னு சொல்லுங்க," என்று ஜட்ஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். மேல்முறையீடும் தள்ளுபடியானது. "நாளைக்கும் வரேன் டாக்டர். கண்ணு நல்லா பளிச்சுன்னு இருக்கு."

அன்று பத்து மணிக்குக் கணக்கு டீச்சரும் மகளும் வந்தார்கள். பெண்ணைப் பரிசோதித்து அனுப்பிவிட்டு, மத்தியானம் ஆசையோடு ஸ்டோர் ரூமுக்குப் போன டாக்டர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

பட்டியலில் முதல் இடத்தில், ஏ, ஏ, ஏ. முப்பத்தோராயிரம் புள்ளி. பெயரே போடாமல் விட்டால் பெட்டி தானாகப் போட்டுக்கொள்ளும் எழுத்துகள் அவை. ஜெயித்த ஆசாமி யாரோ, பெயர் எழுதக்கூட மெனக்கெடவில்லை. டாக்டர் இரண்டாவது. தோற்றதுகூடப் பெரிதில்லை, அந்த அலட்சியம்தான் அவரைக் கொன்றது.

"சிஸ்டர், கருவியை யார் தொட்டது?"

"ஜட்ஜ் சார் மட்டும்தான் டாக்டர். நான் தூசி தட்டினேன். தொடலை."

ஜட்ஜ் முதல் மாடி தாண்டாதவர். சிஸ்டர் கையில் டாக்டர் பிடியைக் கொடுத்துப் பார்த்தார். ஊசி போடுகிற மாதிரி ஒரே அழுத்து. தபால்காரர் நகரவே இல்லை. அப்படியானால் யார்?

வீட்டில் மனைவிக்கு வேறு சந்தேகம். "மத்தியானச் சாப்பாட்டுக்கு வர்றதே இல்லை. ஞாயித்துக்கிழமை படுத்தா, 'நாய், நாய்'ன்னு உளர்றீங்க. அது என்ன விரல்ல பிளாஸ்திரி?"

"கதவுல நசுங்கிடுச்சு."

"எந்தக் கதவு?"

"ஒரு... கதவு."

மனைவி அதற்குமேல் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் டாக்டருக்குப் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை டீச்சர் மறுபடி வந்தார். அதே விடைத்தாள் கட்டு, அதே கயிற்று முடிச்சு. "பொண்ணுக்கு மறுபடி கண்ணு வலி டாக்டர்."

டாக்டரின் மூளையில் விளக்கு எரிந்தது. பெட்டி யாருடையது? இந்தப் பெண்ணுடையது! போன வியாழக்கிழமை வந்தது யார்? இந்தப் பெண்! பூனை மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். நம் மூக்குக்குக் கீழேயே உள்ளே புகுந்து ஆடியிருக்கிறாள்!

கையும் களவுமாகப் பிடித்தால், 'கருவி' என்ன என்று சிஸ்டருக்குத் தெரிந்துவிடும். அதனால் நாசூக்காகச் செய்தார். கண்மணியை விரிய வைக்கும் சொட்டு மருந்து ஒன்று இருக்கிறது. போட்டால் அரை மணி நேரம் கண்ணை மூடி உட்கார வேண்டும். திறந்தாலும் கிட்டத்தில் இருப்பதெல்லாம் மங்கல்தான். 'அடிக்கடி வலி என்கிறாள், உள்ளே நன்றாகப் பார்த்துவிடுவது நல்லதுதானே' என்று தன் மனசாட்சிக்கு ஒரு மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, சொட்டு மருந்தைப் போட்டார்.

"அரை மணி நேரமா?" என்றார் டீச்சர். "பரவாயில்லை டாக்டர். நான் எங்கயாவது ஓரமா உட்கார்ந்து பேப்பர் திருத்தறேன்."

மத்தியானம் போய்ப் பார்த்தால், ஏ, ஏ, ஏ. நாற்பத்தெட்டாயிரம். அதற்குக் கீழே பழைய ஏ, ஏ, ஏ. அதற்கும் கீழே டாக்டர். வாழ்க்கையில் முதல் முறையாக மூன்றாவது.

நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். கண்மணி விரிந்து, எதிரே இருக்கிற அம்மா முகமே கலங்கலாகத் தெரிகிற பிள்ளை, ஏழாவது மாடிக்குப் போயிருக்கிறாள்! இது பிள்ளையா, பிசாசா?

புதன்கிழமை டீச்சர் வந்தார். "கண்ணு வலி டாக்டர்."

இந்தத் தடவை டாக்டர் விடுவதாக இல்லை. மருந்தை இரண்டு சுற்றுப் போட்டார். கண்மேல் பஞ்சு வைத்து, "ஒரு மணி நேரம் திறக்கக் கூடாதும்மா" என்றார். அது போதாது. அறைக்கும் காவல் வேண்டும். சிஸ்டரை வைத்தால் சுவிட்சை அணைத்துவிடுவார். ஜட்ஜை வைத்தால் ஆட ஆரம்பித்துவிடுவார். டாக்டரின் பார்வை டீச்சர்மேல் விழுந்தது.

"டீச்சர், ஒரு சின்ன உதவி. ஸ்டோர் ரூம்ல ஒரு முக்கியமான கருவி ஓடிக்கிட்டிருக்கு. யாரோ அதைத் தொடறாங்க. நீங்க அங்கயே உட்கார்ந்து பேப்பர் திருத்துங்களேன். கதவைச் சாத்திக்கோங்க. உங்க பொண்ணா இருந்தாலும் உள்ள விடாதீங்க."

டீச்சரின் முகம் மலர்ந்தது. "இதுக்குப் போய் உதவிங்கறீங்க! எவ்வளவு நேரம் வேணும்னாலும் உட்கார்றேன் டாக்டர்."

டாக்டர் ஒரு வாரத்துக்குப் பிறகு நிம்மதியாக நோயாளிகளைப் பார்த்தார். கணக்கு டீச்சர் காவல் இருக்கும் இடத்தில் ஈ நுழையுமா? ஒன்றே கால் மணி நேரம் கழித்து டீச்சர் வெளியே வந்தார். வியர்த்திருந்தது.

"ஒரு ஈ காக்கா வரலை டாக்டர்," என்று சொல்லிவிட்டு, சீட்டை எடுத்துக்கொண்டு மருந்து வாங்கப் போனார்.

டாக்டர் உள்ளே ஓடினார். திரையில் பட்டியல்கூட இல்லை. எட்டாவது மாடிக் கதவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து ஒரு குட்டிக் கை கடிதத்தை வாங்கிக்கொண்டது. தபால்காரர் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னார். அப்புறம் அவர் காலைத் தூக்கவில்லை; 'டொய்ங்' இல்லை; ஆடினார். தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது புள்ளி. அதற்குமேல் எண் போட அந்தப் பெட்டியில் இடம் இல்லை. ஏ, ஏ, ஏ.

டாக்டருக்குக் கோபம் வரவில்லை. அந்தக் குட்டிக் கை கடிதம் வாங்கிய அழகைப் பார்த்து, பொறாமையையும் மீறிச் சந்தோஷமாகவே இருந்தது. பெற்ற மனம் அல்லவா, மகள் கெஞ்சியிருப்பாள், டீச்சர் உள்ளே விட்டிருப்பார். இருக்கட்டும். அதற்காக இப்படி ஒரு ஆட்டமா! இரண்டு கண்ணிலும் மருந்தை வைத்துக்கொண்டு!

ஹாலுக்கு வந்தார். சிஸ்டர் இருந்தார், ஜட்ஜ் இருந்தார், எட்டு நோயாளிகள் இருந்தார்கள். மானம் போனால் போகட்டும் என்று பஞ்சு வைத்திருந்த பெண்ணின் எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"தோத்துட்டேன்மா. ஒத்துக்கறேன். அது கருவி இல்லை, உன் வீடியோ கேம்தான்."

"டாக்டர்!" என்றார் சிஸ்டர்.

"அப்ப என் கண்ணு பளிச்சுன்னு இருந்தது?" என்றார் ஜட்ஜ்.

டாக்டர் திரும்பவில்லை. "ஆறாவது மாடில ரெண்டு நாய் ஒண்ணா வருதே, அதை எப்படித் தாண்டினே? இந்த மருந்தைப் போட்டுக்கிட்டு எப்படிம்மா ஆடினே? எனக்கும் சொல்லிக் கொடேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

பெண் பஞ்சை எடுக்காமலே பெருமூச்சு விட்டாள். அம்மா போன வாசல் பக்கம் தலையைத் திருப்பிக் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"எனக்கு அது ஆடவே தெரியாது டாக்டர். எங்கம்மாவுக்கு எப்பல்லாம் ஆடணும் போல இருக்கோ, அப்பல்லாம் எனக்குக் கண்ணு வலிக்கும்."