முகத்துவாரத் திறப்பு விழா

நீலாம்பர நாட்டில் ஓர் ஆறு ஓடியது. மன்னரின் மைத்துனர் நடத்தும் சாயப்பட்டறையில் அன்று எந்த நிறத் துணி நனைகிறதோ, அந்த நிறத்தில் ஓடியது. அது கடலைச் சேரும் கழிமுகத்தில் கையால் துழாவி இறால் பிடித்துப் பிழைத்தாள் காத்தாயி. கைத்தோல் உரிந்தது. அகப்பட்ட இறாலில் பாதி செத்திருந்தது.

கோடையில் அலை மணலைக் குவித்து முகத்துவாரத்தை அடைத்துவிடும். வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு போய் வெட்டித் திறப்பது ஊர் வழக்கம். அழுக்கு வெளியே போகும். கடல்நீரோடு இறால்குஞ்சு உள்ளே ஏறும்.

அந்த ஆண்டு அரசாணை வந்தது: கழிமுகத்தைக் காப்பதில் இனி மக்களும் பங்கேற்க வேண்டும். முதல் பங்கேற்பு, உறுதிமொழி. அடுத்தது, தண்ணீர் கலங்குவதால் இறால் துழாவத் தடை. பிறகு, மணலை வெட்ட அனுமதி தேவை; தண்ணீர் சுத்தமாக இருந்தால் மட்டுமே அனுமதி.

"வெட்டுனாத்தானய்யா சுத்தமாவும்?" என்றாள் காத்தாயி.

"முதலில் சுத்தம், பிறகு வெட்டு. வரிசை முக்கியமம்மா," என்றார் நீர்வள அமைச்சர் பூபாலச் செம்மல்.

"வரிசயில நிக்க இறாலு என்ன ரேசன் கடைக்கா வந்திருக்கு?" என்றான் அவள் கொழுந்தன் பெரியாண்டி. சிரித்தவர்கள் எல்லாரும் உறுதிமொழியை மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

மறுநாள் பட்டப்பகலில் ஊரே திரண்டு வெட்டியது. கடல் உள்ளே வந்தது. கொஞ்ச நாளில் காத்தாயியின் விரலிடுக்கில் உயிருள்ள இறால் துள்ளியது.

அமைச்சர் வந்தார். கோபப்படவில்லை, நெகிழ்ந்து போயிருந்தார்.

"இதுவன்றோ மக்கள் பங்கேற்பு! மன்னரே வந்து திறந்து வைப்பார்."

"அதான் தொறந்து கெடக்கே சாமி."

"திறந்து கிடப்பதை எப்படியம்மா திறப்பது?"

ஈட்டிக்காரர்கள் சுற்றி நிற்க, வெட்டிய மணலை ஊரே அள்ளிப் போட்டு மூடியது. மன்னருக்குச் சளி, விழா தள்ளிப்போனது. பிறகு தேர்தல் வந்தது. தேர்தல் முடியும்வரை எதையும் திறக்கக் கூடாது என்பது சட்டம். சாயப்பட்டறைக்கு அந்தச் சட்டம் இல்லை. இறால் வெளுத்து மிதந்தது.

பூபாலச் செம்மல் ஒரே வாக்குறுதியோடு நின்றார்: முகத்துவாரத்தைத் திறப்பேன். எதிர்த்து நின்ற மன்னரின் மைத்துனர், திறக்கவே விடமாட்டேன் என்றார்.

"யாருக்கு அண்ணி போட்ட?" என்றான் பெரியாண்டி.

"தொறக்கறேன்னவனுக்குத்தான். வேற யாரு இருக்கா?"

அமோக வெற்றி. நன்றி சொல்ல அமைச்சர் மைத்துனரின் தேரிலேயே வந்து இறங்கினார். விழாவுக்கு முதலில் தகுந்த மேடை வேண்டும் என்றார். மணல்மேட்டின் மேலேயே, கருங்கல்லில், கடல் வந்து மோதினாலும் அசையாதபடி.

கல் சுமக்கும் வேலையை, மக்கள் பங்கேற்பு என்பதால், காத்தாயிக்கே கொடுத்தார்கள்.